தபாலில் போன அழைப்பு

1968 தை, வெள்ளிக்கிழமை. அருப்புக்கோட்டை.

திருச்சுழியில் அம்மா பெயரில் நான் கட்டிக்கொடுத்த இலவச ஆஸ்பத்திரியைக் காலையில் திறந்தார்கள். கலெக்டர் வந்தார். என் அக்கா வரவில்லை. முன்வரிசையில் அவளுக்குப் போட்டிருந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது.

மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு பாலவனத்தத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் "வாடா" என்பவள் இன்று "வாங்க" என்றாள்.

"பத்திரிகை கிடைச்சுதாக்கா?"

"தபால்ல வந்துச்சு. எதுத்த வீட்டுக்கும் அப்படித்தான் வந்துச்சு."

அப்புறம்தான் உறைத்தது. கூடப்பிறந்தவளை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்திருக்க வேண்டும். பினாங்கில் பாங்கு வேலையை விட்டுவிட்டுத் தர்மம் செய்யக் கிளம்பினேனே தவிர, பாங்குப் புத்தி போகவில்லை. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புவதுபோல அவளுக்கும் அங்கிருந்தே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பினாங்குக்குத் திரும்ப ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் எனக்குக் கப்பல். அதற்குள் அவள் ஆஸ்பத்திரியை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"நாளைக்கு நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். அம்மா பேரைப் போட்டிருக்கேன், வந்து பாருக்கா."

மோர்ச் செம்பை என் முன்னால் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"தர்மாஸ்பத்திரிதான. மேலுக்கு முடியலன்னா எல்லாரையும் போல நானும் வாரேன்."