துப்பாக்கி துடைக்கும் பெட்டி

குறிப்பு எண் 31
03.02.2025, திங்கட்கிழமை, காலை 6.40 மணி

1942இல் ஆப்பிரிக்கப் போர்முனையில், ஜெர்மானியர் விட்டுச்சென்ற லாரியிலிருந்து என் தந்தையார் எடுத்துவந்த தகரப் பெட்டியை நேற்று மாலை போலீசார் கொண்டுபோய்விட்டனர். காரணம் என் தம்பி மகன் செம்மல். என்னைக் கேளாமல் படமெடுத்து, ‘பழைய ஜெர்மன் துப்பாக்கி பார்ட்ஸ், விற்பனைக்கு’ என்று முகநூலில் போட்டிருக்கிறான். வயது இருபத்தாறு. எஞ்சினியர். மார்ச் 17ஆம் தேதி சிங்கப்பூரில் வேலையில் சேர வேண்டியவன். அவனுடைய பாஸ்போர்ட் விசாரணை அதே போலீஸ் நிலையத்தில்தான் நிற்கிறது.

“விடுங்க பெரியப்பா, வெறும் டப்பாதானே” என்கிறான். இன்னதென்று தெரியாத பொருளுக்குப் பெயர் வைக்க இவன் யார்?

அதே நாள், மாலை 5.15

கந்தர்வக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு மணி நேரம். பழம்பொருள் சேகரிப்போர் வெளியிட்ட படங்களுடன் செம்மலின் படத்தை ஒப்பிட்டேன். ஐயமில்லை, துப்பாக்கி துடைக்கும் பெட்டிதான். சங்கிலி, குழலுக்குள் துணியை இழுப்பதற்கு. தட்டையான குப்பி, எண்ணெய்க்கு. இரண்டு தூரிகைகள். வளைந்த தகடு, குழலின் அடிப்புறத்தைத் துடைக்க. இதில் எதுவும் சுடாது.

குறிப்பு எண் 32
04.02.2025, செவ்வாய், பகல் 1.20

நிலையத்திற்குச் சென்றேன். சப்-இன்ஸ்பெக்டர் உடையப்பன் மரியாதையாகவே நடந்துகொண்டார். என் அடிக்கோலால் அளக்க அனுமதித்தார். நீளம் பதிமூன்றரை சென்டிமீட்டர்; இரண்டு மூடிகள்; 1938 என்னும் முத்திரை. நாற்பது நிமிடம் விளக்கினேன். படம் பார்த்து மிரண்டு வழக்கெழுதும் அறியாமையைக் கண்டிக்கவும் செய்தேன்.

“ஐயா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். பொட்டியில துப்பாக்கி பாகங்கள்னு எழுதியில்ல ஒட்டியிருக்கு? செம்மல் தம்பியும் அதப் பாத்துத்தானே போட்டேங்குறாப்ல.”

எந்த முட்டாள் ஒட்டினான் என்று கேட்டேன். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

‘துப்பாக்கி பாகங்கள். 14.06.1974.’

என் கையெழுத்து. நில அளவைத் துறையில் வரைவாளனாக முப்பத்தைந்து ஆண்டுகள் எழுதிய அதே கையெழுத்து.

குறிப்பு எண் 33
05.02.2025, புதன், காலை 9.00

மனைவி பிரகதாம்பாளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“உளுந்து டப்பாவுக்கே தேதி எழுதி ஒட்டுற ஆளு நீங்க. பெத்தவரு பொருளத் தெறந்து பாக்காம ஒட்டிப்புட்டு, புள்ளைய வையுறீகளாக்கும்.”

எனக்கு என்ன தெரியும்? அப்பா ஒரு நாளாவது சொன்னாரா? கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. செத்து ஆறு மாசம் கழிச்சு மூடியக் கூடத் தெறக்க மனசு வரல, எழுதி ஒட்டுனேன் — அதுவும் குத்தமா?

குறிப்பு எண் 34
06.02.2025, வியாழன்

உடையப்பன் தொலைபேசியில்: “பொருளு உங்களுது, எழுத்து உங்களுதுன்னு கைப்பட எழுதிக் குடுங்க. டப்பாவ விட்டுருங்க. தம்பி பேரு எங்கிட்டும் வராது.”

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் எங்கள் வீட்டிலிருந்த பொருள். விட்டுருங்களாம்.

குறிப்பு எண் 35
07.02.2025, வெள்ளி, காலை 11.05 மணி

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் ஒப்புகை பெற்றுக்கொண்டேன். செம்மல்தான் வண்டியில் அழைத்துச் சென்றான்.

கடிதத்துடன் இணைத்தவை:

1. பொருளின் வரைபடம், அளவுகளுடன். ஒரு தாள்.
2. தந்தையாரின் படைவிடுப்புச் சான்று, நகல்.
3. 14.06.1974 தேதியிட்ட சீட்டு, பொருளை அறியாமல் என்னால் எழுதப்பட்டது என்னும் வாக்குமூலம்.
4. பெட்டியைத் திரும்பக் கோரமாட்டேன் என்னும் ஒப்புதல். மூன்றாம் முறை எழுதியது.