வைக்கோல் இல்லாத குடில்

இயேசு மரி சூசை துணை

திருவெறும்பூர்,
கிறிஸ்து அரசர் திருநாள், சாயங்காலம்.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதிக்கிறது. காலை ஜெபத்துல உன் பேர், மாப்பிள்ளை பேர், பேத்தி லின்சி பேர் மூணையும் சொல்லிட்டு அப்புறம்தான் என் முட்டிவலியைப் பத்தி ஆண்டவர்கிட்ட பேசுறேன், அதனால அங்க எல்லாரும் சுகமாத்தான் இருக்கணும். எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு ஆளுக்குன்னு அளவா சோறு வடிக்கத்தான் இன்னும் வரல, உங்கம்மா போய் இத்தனை நாளாகியும் கை தாராளமாத்தான் அரிசி போடுது, மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சிடுறேன். போன்லயே பேசலாமேன்னு கேப்பே. போன்ல நீ முகத்தைப் பார்த்துடுறே, நானும் சொல்ல வந்ததை விட்டுட்டு மழையைப் பத்திப் பேசிட்டு வச்சிடுறேன். என்கூட வேலை பார்த்த கிளமென்ட் இருக்காருல்ல, அவர் மகன் லீவு முடிஞ்சு ஜெர்மனிக்குத் திரும்புறான், அவன் கையில இதையும் கொஞ்சம் அதிரசமும் கொடுத்து அனுப்புறேன்.

கிறிஸ்துமஸுக்கு லின்சியைக் கூட்டிட்டு வரலாமாப்பா, நீங்க சொல்றபடி டிக்கெட் போடுறேன்னு கேட்டியே, முடிவை நல்லா என் தலையில கட்டிட்டே நீ. நீ வாட்ஸ்அப்ல அனுப்பின அவ ரிப்போர்ட்டை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு தில்லைநகர்ல குழந்தைங்க ஆஸ்துமா பார்க்குற ஸஹ்ரா டாக்டர்கிட்ட போனேன். டோக்கன் கூப்பிட்டு உள்ள போனா, குழந்தை எங்கங்கன்னு கேக்குறாங்க. குழந்தை ஸ்டுட்கார்ட்ல இருக்கு, தாத்தா மட்டும்தான் வந்திருக்கேன்னேன். சிரிச்சிட்டாங்க, ஆனா துரத்தல. போன கிறிஸ்துமஸுக்கு நீங்க இங்க வந்திருந்தப்ப ஹால்ல குடில் கட்டி வைக்கோல் பரப்பினதையும், சளியோட இருந்தவ குழந்தை இயேசு பக்கத்துலதான் படுப்பேன்னு அடம்பிடிச்சு அங்கேயே தூங்கினதையும், விடியறதுக்குள்ள இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதையும் சொன்னேன். நாம எல்லாரும் ஐஸ்கிரீமைத் திட்டினோம், அவங்க வைக்கோல் பூஞ்சையும் சளியும் ஒண்ணாச் சேர்ந்த வேலைன்னாங்க. மூக்கும் நெஞ்சும் ஒரே பாதைதானாம், அந்தப் பாதையோட உள்தோல்தான் காவலாம். நம்ம பிள்ளைக்கு அது தூசியோடயும் பூஞ்சையோடயும் ஓயாம மல்லுக்கட்டி வீங்கி அங்கங்க விட்டுப்போய்க் கிடக்கு, அந்த நேரம் பார்த்து நிஜமான சளிக்கிருமி நுழைஞ்சா எதிர்க்கிற சத்து லேட்டாவும் குறைவாவும் சுரக்குது, அதான் மத்த பிள்ளைகளுக்கு மூக்கோட போறது இவளுக்கு நெஞ்சுல இறங்குதுன்னாங்க. அப்ப எதிர்ப்பு சக்திக்கு லேகியம் ஏதாவது அனுப்பட்டுமான்னு கேட்டேன். சக்தி இல்லாம இல்லங்க, வேண்டாத இடத்துல சண்டை போட்டுக்கிட்டிருக்குன்னாங்க. பேக்டரி கேட்ல செக்யூரிட்டி எங்க டிபன் கேரியரையே குடைஞ்சிக்கிட்டு நிப்பாரே அந்த மாதிரியான்னேன், அதேதான்னாங்க.

அவ்வளவுதானே, தூசிதானே, ஒரு கை பார்த்துடுவோம்னு வந்து இறங்கினேன். திரைச்சீலை எல்லாம் கொதிநீர்ல போட்டாச்சு. பரண்ல இருந்த பழைய குடில் சாமானைக் குப்பை வண்டியில ஏத்திட்டேன், இந்த வருஷம் அட்டையும் பேப்பரும்தான், வைக்கோல் கிடையாது. உங்கம்மா படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையையும் கொடுத்துட்டேன். அதைத் தூக்கிட்டுப் போறப்ப மட்டும் நான் வாசலுக்கு வரல, அடுப்படியில நின்னுக்கிட்டேன். இப்ப பாயிலதான் படுக்குறேன், முதுகுக்கு நல்லதுதான்னு வச்சுக்கோயேன். எல்லாம் முடிச்சிட்டு வீட்டை போட்டோ எடுத்துக்கிட்டு பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி மறுபடி டாக்டர்கிட்ட போய் நின்னேன். பொறுமையாப் பார்த்தாங்க. வீட்டைத் துடைச்சிட்டீங்க, ஊரைத் துடைக்க முடியுமா சார்னாங்க. மார்கழிப் பனி, வெடிப்புகை, கோயில்ல தூபம், பிளைட் முழுக்க இருமுற ஆளுங்க, போதாததுக்கு இந்த ரெண்டு மாசத்துலயே அவ ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்து எழுந்திருக்கா. அங்க பார்க்குற டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க, என்னைக் கேட்டா இந்த டிசம்பர் வேண்டாம், விடாம மருந்து போட்டு கோடை வரைக்கும் இழுப்பு இல்லாம இருந்தா அப்புறம் பார்க்கலாம்னாங்க. உன் வயசுதான் இருக்கும் அந்தப் பொண்ணுக்கு, எனக்கு அப்படி ஒரு கோபம் வந்துச்சு. பஸ்ல உட்கார்ந்து அவங்களோட மனசுக்குள்ளயே சண்டை போட்டுக்கிட்டு நம்ம ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்.

அந்தக் கோபம் தணியத்தான் இத்தனை நாள் உனக்குப் பதில் சொல்லல. வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவீங்க, எனக்குத் தெரியும். வீடு பளிச்சுன்னு இருக்கு ஜெஸ்லின், சாமான் இல்லாததால நான் தும்மினாக்கூட எதிரொலிக்குது. ரொம்பத் தனியா இருக்கேம்மா. சொல்லக்கூடாதுன்னுதான் உட்கார்ந்தேன், சொல்லிட்டேன். ஆனா அன்னிக்கு அவ விலா உள்ள இழுத்து இழுத்துப் போனதை என் மடியில வச்சுப் பார்த்தவன் நான். வராதீங்க. டிக்கெட் போடாதே.

மூக்குக்கு அடிக்கிற மருந்தையும் இன்ஹேலரையும் நல்லா இருக்காளேன்னு நீயா நிறுத்திடாதே, இன்ஹேலர் போட்டதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஆண்டவர் உங்களை உள்ளங்கையில வச்சுக் காப்பாத்தட்டும், பிள்ளை தூங்கினப்புறம் அவ நெத்தியில எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. முக்கியமா ஒண்ணு, மறந்துடாதே. ஏன் போகலைன்னு அவ அழுதா, டாக்டர் சொன்னாங்க, அம்மா நான்தான் வேண்டாம்னேன்னு எல்லாம் சொல்லாதே. தாத்தாதான் வரவேண்டாம்னுட்டாருன்னு சொல்லு. உன்மேல கோபிச்சுக்கிட்டா ராத்திரி மருந்து போட உன்கிட்ட வரமாட்டா. என்மேல இருக்கட்டும் அந்தக் கோபம்.

உன் அப்பா
பிலோமின்ராஜ்