பினாயில் கிண்ணத்துக்குப் பூஜ்யம் போட்டு வாங்கிய பரிசு

அனுப்புநர்
ஆய்வக உதவியாளர் (தற்காலிகம்),
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்த பள்ளி அறிவியல் திட்டம் – கொசுப்புழு எண்ணிக்கையைப் பொய்யாக அனுப்பியது – நான் செய்த தவற்றைப் பத்தாம் வகுப்பு மாணவி மீது சுமத்துவது – உடனே தடுக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தாங்களே படிக்க வேண்டும். 'உரிய நடவடிக்கைக்கு' என்று முத்திரை குத்தி எங்கள் தலைமை ஆசிரியருக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டாம். புகார் அவர் மீதுதான். என் மீதும்தான்.

2. ஆறு வருடங்களாக இந்த ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறேன். இங்கே ஊசலைத் தொங்கவிடுவதற்கு முன்பே பதிவேட்டில் விடை ஏறிவிடும். போன வருடத்து அக்காவின் பதிவேட்டைப் பார்த்து இந்த வருடத்துத் தங்கை எழுதுவாள், ஆசிரியர் சிவப்பு மையில் சரி போடுவார். நுண்ணோக்கிகள் இரண்டும் அலமாரிக்குள் இருக்கின்றன. சாவி தலைமை ஆசிரியரிடம். பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். உடைந்தால் மேலிடத்தில் கேள்வி வரும், ஒரு பிள்ளைகூடப் பார்க்காமல் போனால் எந்தக் கேள்வியும் வராது.

3. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இந்த வருடம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வந்தார். பன்னிரண்டு கறுப்புக் கிண்ணங்கள் கொடுத்தார். தண்ணீர் ஊற்றி வளாகத்தில் பன்னிரண்டு இடங்களில் வைத்து, திங்கட்கிழமைதோறும் வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, கொசுப்புழுக்களை எண்ணி அனுப்ப வேண்டும். எங்கே கொசு பெருகுகிறது என்று அவர்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சிக்கு அந்த எண்கள் போகும். எந்தத் தெருவுக்கு முதலில் மருந்து அடிப்பது என்று சுகாதார அலுவலகம் முடிவு செய்வதும் அதை வைத்துத்தான். அவர் பிள்ளைகளிடம் சொன்னது இது: "நிறைய வந்தா பயப்படாதீங்க. எனக்கே விடை தெரியாது, அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்." விடை தெரியாது என்று சொன்ன ஒரு பெரியவரை எங்கள் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

4. எண்ணும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கொடுக்கப்பட்டது. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. பள்ளிக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கும் தையற்காரரின் மகள். ஒரு புழு நெளிந்து இடம் மாறினால் முதலிலிருந்து எண்ணுவாள். "போதும்மா, மணி அடிச்சாச்சு" என்று நான் சொன்னால், "அண்ணே, அது என்ன மணி பாத்தா நீந்துது?" என்பாள்.

5. மூன்றாவது வாரம் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆசிரியர்கள் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த ஏழாம் கிண்ணத்தில் மட்டும் அறுபத்து மூன்று. அந்தக் கழிப்பறையின் குழாய் உடைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சுவரோரம் பச்சைப் பாசியும் சாப்பாட்டு மிச்சமும் சேர்ந்து ஊறிக் கிடக்கும் அந்தக் குட்டையை ஆசிரியர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள், திரும்பி வந்து 'சுற்றுப்புறத் தூய்மை' பாடம் நடத்துவார்கள். எண்ணிக்கைத் தாளைப் பார்த்த தலைமை ஆசிரியர் ஆய்வகத்துக்கே வந்து கத்தினார்: "பக்கத்து ஸ்கூல்ல பதினொண்ணு, நமக்கு இருநூத்திப் பன்னெண்டா? என் மானத்தை வாங்கவா கிண்ணம் வெச்சீங்க?" புழுவும் மதிப்பெண் பட்டியலாகிவிட்டது, ஐயா. குழாயைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்ணைச் சரிசெய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது.

6. அந்தச் சனிக்கிழமை அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, பன்னிரண்டு கிண்ணங்களிலும் பினாயில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமைகள் ஊற்றினேன். வேலை நிரந்தரமாகும் கோப்பு அவர் மேசையில் இருக்கிறது, அதனால் ஊற்றினேன். இதற்கு வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

7. ஏழு வாரமும் பூஜ்யம் போனது. மாணவி ஒவ்வொரு தாளிலும் குறிப்புக் கட்டத்தில் 'கிண்ணத்தில் பினாயில் வாசனை' என்று எழுதினாள். அறிவியல் ஆசிரியர் ஒவ்வொரு வாரமும் வேறு தாள் எடுத்து, குறிப்பை விட்டுவிட்டுப் பிரதி செய்து அனுப்பினார். அவள் விடவில்லை. தன் சந்தில் மூன்று பழைய டப்பாக்களை வைத்துத் தானாகவே எண்ணி, தன் நோட்டில் எழுதத் தொடங்கினாள். கடைசி வாரம் அவற்றில் ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்று, நாற்பத்து நான்கு. எங்கள் பள்ளியின் பூஜ்யத்தை நம்பிச் சுகாதார அலுவலகம் அந்தச் சந்தின் பெயரை மருந்து அடிக்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இன்றைய தேதியில் அங்கே பதினொரு வீடுகளில் காய்ச்சல். அவளுடைய தம்பி ஆறு நாட்களாக மருத்துவமனையில் இருக்கிறான்.

8. போன வெள்ளிக்கிழமை 'கொசுவற்ற வளாகம்' என்று தங்கள் அலுவலகத்தின் சார்பில் எங்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஆய்வாளர் அம்மாவும் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு வாடகைக்கு எடுத்து மாட்டிப் படம் பிடித்தார்கள். பூட்டிக் கிடந்த நுண்ணோக்கி அன்று மேசைக்கு வந்தது, அடியில் கண்ணாடித் தகடு வைக்காமலே எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். 'கேள்வி இருந்தால் கேட்கலாம்' என்றார்கள். மாணவி எழுந்தாள். "மேடம், பினாயில் ஊத்தின கிண்ணத்துக்குப் பூஜ்யம்னு போடணுமா, எண்ணலைன்னு போடணுமா?" என்று கேட்டாள்.

இந்தப் பள்ளியில் நான் கேட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். ஆய்வாளர் அம்மா பதில் சொல்ல எழுந்தார். அதற்குள் தலைமை ஆசிரியர், "குழந்தை மேடையைப் பாத்து உளறுது" என்று சிரித்து, நன்றியுரைக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார்.

9. ஆனால் ஆய்வாளர் அம்மா அதை மறக்கவில்லை. மாணவர்கள் கைப்பட எழுதிய மூலத் தாள்களைக் கேட்டுச் செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து கடிதம் வந்தது. தலைமை ஆசிரியர் தயார் செய்துள்ள பதிலைச் சொல்லவே கூசுகிறது. 'விளையாட்டுத்தனமாக நானே கிண்ணங்களில் பினாயில் ஊற்றினேன், மன்னிக்கவும்' என்று மாணவியின் பெயரில் ஒரு கடிதம் தட்டச்சாகி அலுவலகத்தில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மாற்றுச் சான்றிதழ். பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதங்கள்தான்.

10. அவளுடைய அப்பாவை மருத்துவமனை வாசலில் பார்த்தேன். "ஒரு கையெழுத்துதானே தம்பி, போட்டுட்டுப் போகட்டும். இப்பப் போய் எந்த ஸ்கூல்ல சேப்பாங்க? ஒருத்தன் உள்ள கெடக்கான், நான் எத்தனை பக்கம் ஓடுறது?" என்றார். ஊற்றியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தங்களிடம் எழுதுகிறேன். மகள் இன்னும் சம்மதிக்கவில்லை. திங்கள் வரை தாங்குவாளா என்று தெரியாது, அவளுக்குப் பதினைந்து வயது.

11. அவள் கையெழுத்துப் போட்டால் அவள் எண்ணிய எண்கள் அத்தனையும் குறும்புக்காரியின் பொய்யாகிவிடும், சந்துக்கு மருந்தும் வராது. பிறகு எந்தப் பிள்ளையும் இந்தப் பள்ளியில் கண்ணால் கண்டதை எழுதாது.

12. எனவே அந்தக் கடிதத்தைத் திங்கள் காலைக்குள் தாங்கள் கைப்பற்ற வேண்டும், மாணவியை மிரட்டக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட வேண்டும். அவளுடைய சொந்த நோட்டின் நகல் ஆய்வாளர் அம்மாவுக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் நேரடியாகப் போக வேண்டும். இந்தக் கேவலத்தைக் காரணம் காட்டித் திட்டத்தை நிறுத்திவிட வேண்டாம், அப்படிச் செய்தால் தலைமை ஆசிரியர்தான் முதலில் மகிழ்வார். மாறாக, எண்ணுகிற பிள்ளைகளும் ஆய்வாளர்களும் நடுவில் யாருமில்லாமல் பேசிக்கொள்ள வழி செய்யுங்கள். பெரிய எண் வந்த பள்ளியை அவமானப்படுத்தும் பரிசுகளை ஒழியுங்கள். எனக்கு உரிய தண்டனையைக் கொடுங்கள், மறுக்க மாட்டேன்.

விசாரணைக்கு ஆள் அனுப்புவதானால், ஐயா, எண்ணத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் இங்கே ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

இடம்: பள்ளி ஆய்வகம்
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
கிண்ணங்களில் பினாயில் ஊற்றியவன்,
(கையொப்பம்)
ஆய்வக உதவியாளர்

இணைப்பு: மாணவி எழுதிய மூலத் தாள்கள் ஏழு (குப்பைக் கூடையிலிருந்து எடுத்தவை), அவளுடைய நோட்டின் நகல்.