நேராக்கப் போய்க் குட்டையான முடி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வெள்ளவத்தையில் சுகமாக இருக்கிறேன்.

ஒரு சின்னச் செய்தி, பயப்படாதீர்கள். அலுவலகத்தில் வரவேற்பு மேசை வேலை என்பதால், ஆறு மாதமாக வாரந்தோறும் சலூனில் என் சுருட்டை முடியைச் சூடான அயனால் நேராக்கி வந்தேன். சனிக்கிழமை அந்தக் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் ஷிஹாரா என்பவரின் சலூனுக்குப் போனேன். அவர் ஒரு முடியை மெல்ல இழுத்தார். நூல்போல அறுந்தது.

“தங்கச்சி, சூடு பட்டுப் பட்டு முடி வெந்து போச்சு. இனி நான் அயன் வைக்க மாட்டன்.”

“அப்ப என்னக்கா செய்யிறது?”

“வெட்டத்தான் வேணும்.”

தோள்வரை வெட்டினார். தரையில் கிடந்த முடியைப் பார்த்ததும், அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் பின்னிவிட்ட கோணல் பின்னல் நினைவுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். ஷிஹாரா அக்கா தேநீர் தந்தார்.

திங்கட்கிழமை சுருட்டையோடேயே வேலைக்குப் போனேன். “புது ஸ்டைலா? வடிவா இருக்கு,” என்றார் மனேஜர். ஓம் என்று சொல்லிவிட்டேன்!

நீங்கள் காய்ச்சும் தேங்காயெண்ணெயில் ஒரு போத்தல் வேண்டும். பஸ்ஸில் கொடுத்துவிட்டால் உடைந்துவிடும். நீங்களே கொண்டு வாருங்கள், ஒரு கிழமை, ஏழு நாளும் என்னோடு நிற்கலாம். சாப்பாட்டு நேரம் முடிகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
உஷாந்தி