மஞ்சள் பாயில் பவித்ரா

நவம்பர் 10, திங்கள்

மூடுபனி. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதுமே டிரைவர் லைட்டைப் போட்டுவிட்டார். மலைப்பாதையின் எழுபது வளைவையும் உருட்டிக்கொண்டே ஏறினார். இன்று வாந்தி இல்லை. அதிசயம்.

கொண்டுபோனவை: குடை, எலுமிச்சம்பழம், சார்ஜர் இரண்டு, மதிப்பெண் பட்டியல், மாத்திரை. மறந்தது: கண்ணாடி.

மலைமேல் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளி. பெயர் எழுதப் போவதில்லை. இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்துவிட்டால்?

என் வேலை, பிள்ளைகள் டேப்லெட்டில் (டேப்) எழுதிய தேர்வின் மதிப்பெண்ணை வைத்து யாருக்கு எதை நடத்துவது என்று டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. சுற்றறிக்கையில் 'தகவமைப்புத் தேர்வு'. டீச்சர்கள் வாயில் 'ஏறி இறங்குற டெஸ்ட்'. சரியாக அழுத்தினால் அடுத்த கேள்வி கடினமாகும். தப்பானால் சுலபமாகும். முடிவில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஓர் எண். 'நிலை' என்கிறோம்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஈஸ்வரி டீச்சர். (இனி ஈ.டீ.) இதே மலைக்காரி. பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வருகிறாள். ஆகஸ்ட் பயிற்சியில் நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. தரையில் மூன்று கோரைப்பாய், மூன்று நிறம். மஞ்சள் பாயில் நிலை இரண்டு, மூன்று. பச்சையில் நான்கு. நீலத்தில் ஐந்தும் அதற்கு மேலும். ஒவ்வொரு பாய்க்கும் தனி வேலை. சுவரில் அட்டவணை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. எந்தப் பள்ளியிலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்து பார்த்ததில்லை.

மஞ்சள் பாயில் பவித்ரா. மொச்சைக்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்றும் பதினாலும் எவ்வளவு.



இந்தப் பெண் ஜூலையில் என்னிடம் கேட்டது: "டீச்சர், எத்தனாவது வளைவுல வாந்தி எடுத்தீங்க?" நாற்பத்திரண்டு என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அப்ப அஞ்சுல மூணு பங்கு ஏறிப்போட்டுத்தான் எடுத்திருக்கீங்க."

எழுபதில் நாற்பத்திரண்டு. நான் பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

ஈ.டீ.யிடம் மெதுவாக, "பவித்ரா இங்கயா?" என்றேன்.

"ஸ்கோரு பாத்துத்தானுங்க மேடம் உக்கார வெச்சேன். நெல ரெண்டு. நீங்க சொன்னாப்லயேதான்."

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய. மதியச் சோறு இறங்கவில்லை. சத்துணவு ஆயாவிடம் பஸ் ஏறி வந்த கிறக்கம் என்று சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். மலை இல்லை, கீழே ஆபீஸில் பயிற்சி.

ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது.

ஆகஸ்ட், தேர்வின் கடைசி நாள். ஈ.டீ. லீவு, அவள் பையனுக்குக் காய்ச்சல். தலைமை ஆசிரியர் (த.ஆ.), நான்கு பள்ளி வேலையை ஒரே தலையில் சுமப்பவர், "நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்று டேப்களைக் கொடுத்தார். மூன்று மணிக்கு மழை. டவர் போனது. எட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாவது நான்காவது கேள்வியோடு நின்றுபோனது. காட்டுவழி நடக்க வேண்டிய பிள்ளைகள். நாலு மணிக்கு அனுப்பிவிட்டோம். ஆறு மணிக்குத் தேர்வு மூடிவிடும். முடிக்காத பள்ளி ஆபீஸ் வாட்ஸாப்பில் சிவப்பாகத் தெரியும். சிவப்புக்குப் பக்கத்தில் என் பெயர்.

எட்டு டேப்பையும் பையில் போட்டுச் செம்மேடு வந்தேன். பஸ் ஸ்டாண்ட் கூரைக்கடியில் சிக்னல் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து எட்டுப் பேருக்கும் நானே அழுத்தினேன்.

எழுதியாயிற்று.

எல்லாம் சரியாக அழுத்தினால் சந்தேகம் வரும் என்று, நிஜம் போலத் தெரியட்டும் என்று, நடுநடுவே வேண்டுமென்றே தப்பு. பவித்ராவின் டேப் கடைசி. மணி ஐந்தே முக்கால், பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தொடர்ந்து மூன்று தப்பு. பிறகு சரியாக அழுத்தியும் ஏறவில்லை. மொத்தமே பன்னிரண்டு கேள்வி. அதற்குள் எங்கே ஏற?

தெரியாத டீச்சர் செய்தால் மன்னிக்கலாம். இந்தத் தேர்வு எப்படி இறங்கும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள் நான்.

இன்றும் எடுத்தேன். படிக்கட்டுப் படம் போட்டு. ஒரு டீச்சர் கேட்டார், "ஏனுங்க மேடம், மிஷினு சொல்றதும் நம்ம கண்ணுக்குத் தெரியறதும் வேற வேறயா இருந்தா?" வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "மிஷினுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாதுங்க." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

டீ நேரத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரகு: "மேடம், மேல இருந்து மணி வாரியா லிஸ்ட் கேட்டிருக்காங்க. எந்தப் பள்ளி எத்தனை மணிக்கு முடிச்சுதுன்னு. சும்மா செக்கிங்குதான்."

பள்ளி விடுவது நாலு பத்து. என் எட்டு டேப்பும் ஐந்திலிருந்து ஆறுக்குள். டீயைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினேன். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன்.

நவம்பர் 12, புதன்

கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரரிடம் ஸ்க்ரூ. மலையில் மேகம், கீழிருந்து உச்சி தெரியவில்லை.

பத்து மணிக்கு த.ஆ. போன். அடிவாரத்தில் விடுதியோடு ஒரு பள்ளி, ஆறாம் வகுப்புக்கு ஒவ்வொரு மலைப் பள்ளியிலிருந்தும் ஒரு பெண் பிள்ளை எடுக்கிறார்கள். வெள்ளி நாலு மணிக்குள் பெயர் போக வேண்டும். நிலை ஐந்து இருந்தாக வேண்டும்.

"நம்மகிட்ட அஞ்சாவதுல பொட்டப்புள்ளைங்க ரெண்டே பேருங்க. ஒண்ணு குடும்பத்தோட திருப்பூர் போவுது. இன்னொண்ணு பவித்ரா, அது நெல ரெண்டு. அதனால யாருமில்லைன்னு எழுதி அனுப்பிடறேன். உங்க காதுலயும் போட்டு வைக்கலாம்னு."

"அவசரப்படாதீங்க சார்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பவித்ராவின் அக்கா ஐந்தோடு நின்றவள். அடுத்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் காடு. காட்டெருமை வருகிறது என்று அப்பன் அனுப்பவில்லை. இப்போது குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுக்கிறாள், வயது பதினாலு. இவளுக்கும் அதுதான். என் விரல் தொட்ட மூன்று இடத்தால்.

மறுபடி தேர்வு வைத்துவிடலாம். என்ன காரணம் சொல்வது?
1. டேப் அப்டேட்.
2. மாதிரிச் சோதனை.
3. மழையால் பதிவு கெட்டது.
மூன்றாவது பாதி உண்மை. அதனாலேயே வாயில் வராது. ஒன்றாவதே இருக்கட்டும்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். லாரிக்குப் பாடி கட்டுகிறவர், நீட்டி முழக்கமாட்டார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கம்முனு இரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நான் கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். கேட்டதும் இன்னும் பயமாகப் போயிற்று.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டு விட்டு. முப்பதாவது வளைவில் வாந்தி.

'அப்டேட்' சொன்னேன். ஈ.டீ. துளிகூடச் சந்தேகப்படவில்லை. எட்டுப் பேரையும் முகம் கழுவிவிட்டு உட்கார வைத்தாள். டவர் இருந்தது. பவித்ராவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதல் நான்கு சரி. படபடவென்று. ஐந்தாவது, பின்னம். ஒரு செவ்வகம், எட்டுக் கட்டம், ஆறு நிழல். இவளுக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுகிற கணக்கு.

பார்த்தாள். டேப்பைத் திருப்பிக் கவிழ்த்துப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது நீலப் பாய்க் கேள்வி. எனக்கு மாறி வந்துருச்சு."

"மாறலை கண்ணு. உனக்குத்தான். போடு."

"நான் மஞ்சளுங்க டீச்சர். எனக்கு இது வராது."

சொல்லிவிட்டு, பார்க்காமலேயே ஏதோ ஒன்றைத் தொட்டாள். தப்பு. அடுத்த கேள்வி சுலபமாக வந்தது. முகத்தில் ஒரு நிம்மதி. பிறகு ஒவ்வொரு கடினமான கேள்விக்கும் அப்படியே, தொட்டுத் தள்ளிவிட்டுச் சுலபமானதற்குக் காத்திருந்தாள். இறங்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நிலை மூன்று. இந்த முறை என் விரல் இல்லை. அவளே.

நீலப் பாயில் ஏழுமலை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஆகஸ்டில் அவன் டேப்பில் தாராளமாகச் சரி போட்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி என்று வருவதில்லையாம். இன்று அவனுக்கும் மூன்று வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு மஞ்சளுக்கு ஓடினான். சந்தோஷமாக.

ஈ.டீ. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஆகஸ்டுல ஸ்கோரு பாத்தப்ப நான் நம்பலீங்க. என் கண்ணுக்கு இந்தப் புள்ள வேற மாதிரி இருந்துச்சு. அப்புறம், நீங்க படிச்சவங்க, மிஷினுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க இல்லைன்னீங்க. நானும் மலைக்காரி, அவளும் மலைக்காரி. பாசத்துல கண்ணு தப்பாப் பாக்குதோன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பப் பாருங்க, மறுபடியும் அதையேதான் சொல்லுது. என் கண்ணுதானுங்க தப்பு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வந்தது.

இறங்கும்போது நாற்பத்திரண்டாவது பலகையைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து இப்படித்தான் கண்ணை மூடுவேன். நான் பயந்தாங்கொள்ளி. எப்போதும் அப்படித்தான்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். பத்து நாளில் முதல் வெயில்.

ஆபீஸுக்கு லீவு சொல்லாமலே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஐம்பத்தாறாவது வளைவில் வாந்தி. வெறும் வயிறு, வெறும் பயம்.

பள்ளியில் குழந்தைகள் தினம். பலூன், ஆரஞ்சு மிட்டாய். த.ஆ. மேஜையில் அந்தப் படிவம். 'தகுதியுள்ளோர்: யாரும் இல்லை.' கையெழுத்து மட்டும் பாக்கி.

ஈ.டீ.யையும் கூப்பிட்டு இருவருக்கும் சொன்னேன். செம்மேடு, பை, எட்டு டேப், பவித்ராவுக்கு மூன்று தப்பு, நேற்றைய அப்டேட் பொய். சொல்லி முடிக்கும்வரை தரையில் ஒரு மிட்டாய்க் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

த.ஆ. பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எனக்கு ரெண்டு வருசந்தானுங்க மேடம் சர்வீசு இருக்குது. டேப்ப உங்ககிட்டக் குடுத்தது நானு. என்னையும் கேப்பாங்க" என்றார். கோபமாக இல்லை. அவருக்கும் பயம்.

ஈ.டீ. எழுந்து போனாள். இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தேன். கையில் ஒரு நோட்டோடு வந்தாள். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் தானாகக் குறித்து வைத்தது. பவித்ரா பக்கம். 'பின்னம் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது. ஆறாம் வகுப்புப் புத்தகம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.' அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. ஓரத்தில் 'ஸ்கோர்படி நிலை 2'.

"மூணு மாசம்" என்றாள். என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. "மூணு மாசம் அந்தப் புள்ளைய மொச்சைக்கொட்டை எண்ண விட்டிருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பெயரும் போட்டு. ஆகஸ்ட் மதிப்பெண் இந்தப் பிள்ளைகளுடையது அல்ல, அழுத்தியது நான், அதை நம்பி மூன்று மாதம் பாடம் மாறியதால் நேற்றைய மதிப்பெண்ணையும் நம்ப முடியாது, வகுப்பாசிரியரின் குறிப்பை எடுத்துக்கொள்ளவும். கையெழுத்துப் போடும்போது த.ஆ., "யோசிச்சுத்தானுங்களே போடறீங்க? வேலைக்கே வந்துருமுங்க" என்றார். யோசித்தால் போடமாட்டேன் என்பதால் போட்டேன்.

அவர் படிவத்தில் 'யாரும் இல்லை'யை அடித்தார். பவித்ரா என்று எழுதினார். ஈ.டீ.யின் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து என் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். மணி மூன்றே கால். எடுத்துக்கொள்வார்களா, தெரியாது. ஆபீஸிலிருந்து அதற்குள் நான்கு மிஸ்டு கால். எடுக்கவில்லை.

பவித்ராவைக் கூப்பிட்டார்கள். வாயில் மிட்டாய், நாக்கெல்லாம் ஆரஞ்சு. ஈ.டீ. அவளிடம், அந்த மார்க்கு உன்னோடது இல்ல சாமி, தப்பா ஏறிப்போச்சு என்றாள்.

"அப்ப அது யாரு மார்க்குங்க டீச்சர்?"

ஈ.டீ. என்னைப் பார்த்தாள்.

"என்னோடது, கண்ணு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டுதானா?"

த.ஆ. சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கேட்டேன், பயந்துகொண்டேதான் கேட்டேன். "இன்னைக்கு ஐம்பத்தாறாவது வளைவுல வாந்தி எடுத்தேன், கண்ணு. எத்தனை பங்கு ஏறியிருக்கேன்?"

பவித்ரா ஈ.டீ. முகத்தைப் பார்த்தாள். த.ஆ. முகத்தைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த டேப்பைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில்:

"அஞ்சுல நாலு." கொஞ்சம் பொறுத்து, "சரிதானுங்களா டீச்சர்?"

சரிதான். ஜூலையில் அவள் இப்படிக் கேட்டதில்லை.