முதலில் பெருக்கு, பிறகு ஏற்று

என் அருமைத் தம்பி சேகருக்கு,

உன் தேவகி பாஸாகிவிட்டாள். பல வருடம் செய்தி எழுதியவள் நான். முக்கியமானதை முதல் வரியில் சொல்லாவிட்டால் எப்படி?

நீ போனபோது அவளுடைய பகுதிநேர டிப்ளமாவில் கணக்குப் பேப்பர் மட்டும் பாக்கி. அதன் பிறகு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தவறினாள். டிப்ளமா இல்லாமல் ஒரகடம் கம்பெனியில் உற்பத்தி லைனை விட்டு நீ இருந்த சோதனைக்கூடத்துக்குப் போக முடியாது. இன்னொரு முறை தவறினால் படிப்பையே விட்டுவிடுவதாகச் சொன்னாள்.

விடைத்தாள் நகல்களை வாங்கி, விடைக்குறிப்போடு வைத்துப் பார்த்தேன். ஒரு வளைவு: கால்கள் பூஜ்யத்தில், உச்சி இரண்டில். உயரத்தை இரட்டித்து, பிறகு மூன்று ஏற்றி வரைய வேண்டும். கால்கள் மூன்றுக்கும் உச்சி ஏழுக்கும் வரும். இவள் ஆறிலும் பத்திலும் வரைந்திருந்தாள். இந்த வகைக் கணக்கு அத்தனையிலும் இதே தவறு.

அவளோடு லைனில் நிற்கும் ரேவதி அன்று படப்பையில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இன்னாடி, பரீட்சையிலயும் மீட்டர் செட் பண்ணிகினு இருந்தியா?"

உனக்குத் தெரியாததா? பிரஷர் மீட்டர் வந்தால் முதலில் முள்ளை ஏற்றியோ இறக்கியோ பூஜ்யத்தில் நிறுத்துவார்கள். முள் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று வீச்சைக் கூட்டுவது பிறகுதான். அந்தப் பழக்கத்தில் காகிதத்திலும் கை முதலில் மூன்றை ஏற்றிவிட்டது. பின்னால் வந்த இரட்டிப்பு அந்த மூன்றையும் ஆறாக்கிவிட்டது.

"அண்ணி, அவரு இருந்தா இதச் சொல்லிச் சொல்லியே கலாய்ச்சிருப்பாரு" என்றாள் தேவகி, மாலை போட்ட உன் படத்தைப் பார்த்து. மாட்டாயா என்ன?

மூன்றாம் முறை, வினாத்தாள் கைக்கு வந்ததும் அதன் ஓரத்தில் எழுதிக்கொண்டாளாம்: முதலில் பெருக்கு.

நேற்றுக் காலை கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரி தாண்டும்போது ரிசல்ட் வந்தது. உடனே என்னைக் கூப்பிட்டாள். பின்னால் ரேவதியின் குரல்தான் கேட்டது.

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டு, இவ பாஸாயிட்டா!"

"ஓரங்கட்டினா பஞ்ச் லேட்டாயிடும்மா. நீங்க கத்துங்க, நான் ஆரன் அடிக்கிறேன்!"

அடித்தார் டிரைவர், பார். அரை நிமிடம் விடவில்லை.

திங்கட்கிழமை முதல் அவளுக்குச் சோதனைக்கூடம். உன் மேஜையைத்தான் கொடுக்கிறார்களாம். "உக்காரலாமா அண்ணி?" என்று கேட்டாள். தாராளமாக உட்காரம்மா என்று உன் சார்பில் சொல்லிவிட்டேன். சரிதானே?

அன்று காலை படப்பைக்குப் போய், அவளை பஸ் ஏற்றிவிட்டு, அது முனை திரும்பி மறையும் வரை கையாட்டிக்கொண்டு நிற்பேன். உனக்கும் சேர்த்து.

உன் அக்கா,
சரோஜா