ஆடு மேய்ந்த மல்லி

மச்சான்,

இன்று காலை கடையில் இருமல் மருந்து எடுக்க மேல் தட்டுக்குக் கையைத் தூக்கினேன். சட்டைப் பையிலிருந்து குப்பென்று மல்லி வாசனை அடித்தது. குனிந்து பார்த்தால் பேனாவுக்குப் பக்கத்தில் இரண்டு மொட்டுகள். உன் தங்கைதான் வைத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துச் சீட்டோடு எதிரே நின்ற பெரியவர், "என்னா சார், வீட்டுல விசேஷமா?" என்று சிரித்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாத்திரை அட்டையைக் கத்தரித்தேன்.

சட்டைப் பையில் இரண்டு மொட்டு வைத்துக்கொள்வது உன் பழக்கம். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதோரம் வரை படிய வாரிய தலை. பின்பையில் எப்போதும் ஒரு சீப்பு. விசிலை ஊதுவதற்கு முன் படிக்கட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை தலையைச் சரிபார்த்துக்கொள்வாய். நீ கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்கூட மணக்கும். கடலூர் வீட்டுக்கும் சிதம்பரம் கடைக்கும் நடுவே இத்தனை வருஷம் நான் போய் வந்ததில், பஸ் கண்டக்டராக எனக்கு அறிமுகமாகி, பிறகு உன் தங்கையை எனக்குக் கட்டிவைத்து, மச்சான் ஆனவன் நீ.

இதையும் சாயங்கால பஸ்ஸில் உட்கார்ந்துதான் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சித்திரை வெயில் சாயும் நேரத்திலும் ஜன்னல் கம்பி சுடுகிறது. காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாததுபோல் கீழே கிடக்கின்றன. மருந்துக் கடைக்காரனிடம் மூட்டு வலிக்கு மருந்து இருக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. தின்றுகொண்டும் இருக்கிறேன்.

உன் நாளில் இந்த நேரத்தில் பின்படிக்கட்டுப் பக்கத்து சீட்டை எனக்காகப் பிடித்து வைத்திருப்பாய். நான் ஏறியதும் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூங்கு மச்சான், முதுநகர் வந்தா எழுப்புறேன்" என்பாய். வேறெதுவும் கேட்க மாட்டாய். நான் அப்படியே ஜன்னலில் தலையைச் சாய்த்துவிடுவேன். இப்போது வரும் கண்டக்டர்கள் நல்ல பையன்கள்தான், ஆனால் யாரும் யாரையும் எழுப்புவதில்லை. போன வாரம்கூட முதுநகரில் இறங்காமல் தூங்கிப்போய், பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வந்தேன்.

சிதம்பரத்தில் உன் வாடகை வீட்டின் பின்பக்கம் ஞாபகம் வருகிறது. கோடையில் ஊரே வதங்கிக் கிடக்கும்போது உன் வீட்டில் மட்டும் பூ இருக்கும். குளியலறைச் சுவரில் சங்குப்பூ ஏறியிருக்கும். நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ எல்லாம் இரண்டாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில். தரையில் வைக்க வேண்டியதுதானே என்றால், "நம்மளே வாடகைக்கு இருக்கோம். செடியும் பொட்டி படுக்கையோட ரெடியா இருக்கட்டும்" என்பாய். கல்யாணம் உனக்கு அமையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பிள்ளைகளைக் காட்டுவதுபோல் அந்த டிரம்களைக் காட்டுவாய். அதில் மூத்தது குண்டுமல்லி. குறிஞ்சிப்பாடியில் உங்கள் அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து குச்சி கொண்டுவந்து நீ வைத்தது. சித்திரையில் நாங்கள் வந்தால் உன் தங்கைக்கு வெள்ளைத் துணியில் ஈரமாக மொட்டு சுற்றிக் கொடுப்பாய். பஸ்ஸில் வரும்போதே கட்டி முடித்துத் தலையில் வைத்துக்கொள்வாள்.

நீ போன பிறகு வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். தவறொன்றுமில்லை, அவருக்கும் வாடகை வர வேண்டும். உன் கட்டில், பீரோ எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, டிரம்களை மட்டும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்தோம். உன் தங்கை முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறிக்கொண்டாள். வழி நெடுக மல்லிச் செடியைக் கையால் அணைத்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உனக்குத் தெரியும், வாயில் வைக்க முடியாத உப்பு. அரளி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை, வந்த வாரமே பூத்தது. சங்குப்பூ கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பிறகு கொடி ஓடியது. மல்லி மட்டும் பூக்கவில்லை. வாடவும் இல்லை. பச்சைப் பசேலென்று இலையாகத் தள்ளியது. முதல் சித்திரை வந்தது, ஒரு மொட்டு இல்லை.

அந்தச் சித்திரையில்தான் பூக்காரம்மா கூடையோடு வாசலில் நின்றபோது உன் தங்கை சொன்னாள்: "கடைப்பூ வாணாம்மா. எங்க அண்ணன் செடியில பூக்கட்டும், அப்பறம் வெச்சிக்கிறேன்."

ஏதோ ஒரு நாள் பேச்சு என்று நினைத்தேன். அவள் அப்படியே இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமையா, கோயிலா, கல்யாண வீடா, வெறும் தலை. சேத்தியாத்தோப்பில் என் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில் பன்னீர் தெளித்துப் பூ நீட்டுகிற இடத்தில், வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தியில் என் சித்தி என் காதருகே வந்து, "நீ கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது அவ ஏண்டா தலையில பூ வெக்க மாட்டேங்குறா?" என்றாள். நான் பாயசத்தைப் பார்த்தேன். கட்டினவன் உயிரோடு உட்கார்ந்திருக்க, அண்ணனுக்காகப் பூவை விடுகிறாளே என்று எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. செத்தவன்மேல் கோபித்து என்ன ஆகப்போகிறது.

ஆகவே செடியைப் பூக்க வைப்பது என் வேலையானது. போர் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு செய்து, கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். நாங்கள் குடிப்பதைவிட அது ஜாஸ்தி குடித்தது. கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன், தெருப் பூனையெல்லாம் வந்து டிரம்மைச் சுற்றியது. முட்டை ஓடு, டீத்தூள், புளித்த மோர், எதையும் விடவில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடும் முன் ஒரு குடம், வந்ததும் ஒரு குடம். செடி நன்றாகத் தின்று வளர்ந்த பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று நின்றது. இரண்டாவது சித்திரையும் போயிற்று. உன் தங்கை தினமும் விடியும்போது ஒரு தடவை செடியைப் பார்த்துவிட்டு வாசல் தெளிக்கப் போவாள்.

போன மார்கழியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் வலி விட்டது, ஆனால் குடத்தைத் தூக்க மனசு வரவில்லை. சும்மா சொல்லவில்லை மச்சான், அலுத்துவிட்டது. வேலை, பஸ், வெயில், வீட்டுக்கு வந்தால் பூக்காத செடி. போகட்டும் என்று விட்டேன். உன் தங்கையும் ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வெளிக்கேட்டின் கொண்டி உடைந்து கிடந்ததையும் சரிசெய்யவில்லை.

தை முடிகிற நேரம். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பக்கத்து வீட்டு ஆடு டிரம்மின்மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து நிற்கிறது. மல்லியில் இலை என்று ஒன்றுகூட இல்லை. வெறும் குச்சி. ஆட்டை இழுத்துக்கொண்டு போய்ச் சத்தம் போட்டேன். அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என் ஆடு என்னாத்தத் தின்னுச்சு? எலையத்தான தின்னுச்சு. பூவையா தின்னுச்சு? உங்க செடியில பூ எங்க இருக்குது?" என்றது. தெருவே சிரித்தது.

திரும்பி வந்தால் உன் தங்கை செடிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. அண்ணன் செடியைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த நல்ல தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து டிரம் வழிய வழியக் கொட்டினேன். அன்று இரவு சோறு பொங்கத் தண்ணீர் இல்லை, இட்லி வாங்கி வந்தேன்.

பங்குனியில் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். குச்சிகளில் இளம்பச்சையாகத் தளிர். ஒவ்வொரு தளிரின் நுனியிலும் அரிசி மாதிரி மொட்டு. வாயில் நுரையோடு உன் தங்கையைக் கூப்பிட்டேன். அதற்கப்புறம் நாள் தவறாமல் பறிக்கிறாள் மச்சான். முதல் நாள் கட்டிய சரத்தை உன் படத்துக்குப் போட்டாள். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு கொண்டை ஊசியை எடுத்தாள். நான் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "உங்க அண்ணன் மனசு எறங்கிடுச்சு பாரு" என்றேன்.

"மனசும் எறங்கல, ஒன்னும் எறங்கல. ஆடு தின்னுச்சு, அதான் பூத்துது" என்றாள். "வருஷா வருஷம் காணும் பொங்கல் முடிஞ்ச கையோட அண்ணன் எலையெல்லாம் உருவி விட்டுடும். அதுக்கு முன்னாடியே தண்ணி காட்டாம காயப் போட்டிருக்கும். மொட்டைக் குச்சியா நிக்கும். அப்பறம் ஒரு நாளு வயிறு நெறைய ஊத்தும். சின்னப் புள்ளையிலேருந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

நாங்கள் எப்போதும் சித்திரையில்தான் உன் வீட்டுக்கு வருவோம். பொங்கலுக்கு நீ கரும்போடு இங்கே வந்துவிடுவாய். அந்தச் செடியை மொட்டையாக நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. "தெரிஞ்சும் ஏண்டி சொல்லல? ரெண்டு வருஷமா கேன் தண்ணி சொமந்தேனே!"

"ரெண்டு தையிலயும் செடிகிட்ட போனேங்க. கையும் வெச்சேன். உருவ மனசு வரல." தலையிலிருந்த சரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில அண்ணனை அப்பிடிப் பாத்த கண்ணு. இதையும் எப்பிடி அப்பிடிப் பாக்குறது?"

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன் கடைசி மாதம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே இருந்தாய். கஞ்சி ஊட்டும்போது ஒரு நாள் துண்டு நழுவி, மருந்துக்கு முடியெல்லாம் கொட்டிப்போன மொட்டைத் தலை தெரிந்தது. அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுத் துண்டைத் திரும்பக் கட்டிவிட்டாள். நீ சீப்பு எங்கே என்று கேட்டுக் கேலி செய்தாய். நானும் அங்கேதான் இருந்தேன். அதை இந்தச் செடியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருஷம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று தெரியாமல் நான் முட்டை ஓடு பொடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். "ஆட்டை நம்பி ஒக்கார முடியாது. வர்ற தையில நீங்க உருவுங்க. நான் உள்ள இருக்கேன்." சரி என்றேன். இன்று காலையில் பார்த்தால் சட்டைப் பையில் மொட்டு இருக்கிறது.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன் மச்சான். இலை ஒவ்வொன்றாக உருவ வேண்டும், குச்சி ஒடியக் கூடாது, அவள் ஜன்னல் பக்கம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த உன்னை நான் இன்னொரு தடவை பார்ப்பதுபோல்தான் இருக்கும், இருந்தாலும் செய்துவிடுவேன். இப்போது கண் சொக்குகிறது. புதுச்சத்திரம் தாண்டிவிட்டது, ஆலப்பாக்கம் வரப்போகிறது, பை இன்னும் மணக்கிறது. தையில் என் வேலையை நான் பார்க்கிறேன். நீ உன் வேலையைப் பார். தூங்குகிறேன். முதுநகர் வந்தால் எழுப்பு.